வீட்டில் செய்த சார்ஜரும் 4.2 வோல்ட்டும்

ரிச்சி தெருவில் 18650 லித்தியம் செல் வாங்கி வந்து விளக்கும் சிறு மின்விசிறியும் செய்யும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நல்ல கைவேலைதான், தடுக்க வேண்டாம். ஆனால் பழைய போன் சார்ஜரின் ஒயரை வெட்டி நேராகச் செல்லில் சேர்க்க விடாதீர்கள். சார்ஜர் தருவது 5 வோல்ட். செல்லின் எல்லை 4.2 வோல்ட். அதைத் தாண்டி ஏற்றினால் உள்ளே சூடு பெருகி செல் தீப்பற்றலாம்.

இரண்டுக்கும் நடுவில் டிபி4056 என்ற சிறு போர்டு வேண்டும். செல் நிறைந்ததும் அது சார்ஜை நிறுத்திவிடும். பாதுகாப்பு சர்க்யூட் சேர்ந்த போர்டாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாததும் விற்கிறது. போர்டு வழக்கமாக 1 ஆம்பியர் தரும். 18650க்கு அது சரி. புளூடூத் ஸ்பீக்கரில் இருப்பது போன்ற சின்ன செல்லுக்கு அதிகம். போர்டிலுள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 5 கிலோ ஓம் வைத்தால் சுமார் கால் ஆம்பியராகக் குறையும்.

உப்பிய செல்லைத் தொடவே வேண்டாம். மற்றதையும் மெத்தை மேல் வைக்காமல் வெறும் தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதுவோ கம்பெனி வண்டி. 18650 செல் நிறைய மூன்று மணி நேரம் போல ஆகும். அஸருக்குப் போட்டால் இஷாவுக்குள் எடுத்துவிடலாம்.