பழைய நேரமும் புதிய காலும்

நெடுந்தூரம் ஓடுவோர்க்குக் காயத்தினும் கடியது, அது ஆறிவரும் காலமே. மூச்சு விரைவில் தேறிவிடும். இரத்தவோட்டம் குறைந்த தசைநாண்களோ மெல்லவே வலுப்பெறும். சென்ற வருடத்து நேரத்தை மனத்திற்கொண்டு, கட்டுப்போட்ட காலுடன் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வந்து நிற்கும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோமன்றோ!

அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனோயிற் 1983 இல் பொஸ்டன் மரதனை 2 மணி 22 நிமிடம் 43 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டியவர். மறு வருடம் மார்ச்சில், பயிற்சியின் நடுவே, அவரது வலது முழங்கால் இயங்க மறுத்தது. ஒலிம்பிக் தெரிவு ஓட்டத்துக்கு 17 நாட்களே இருக்கையிற் சத்திரசிகிச்சை நடந்தது. கால் ஓய்ந்திருந்தபோது கைகளாற் சுழற்றும் பொறியிற் பயின்றார். பின்னர் அவசரப்பட்டு ஓடியதில் மற்றக் காலின் பின்தொடைத் தசையும் நொந்தது.

தெரிவு ஓட்டத்திலே முதல் மூவருக்கே இடம். நேரத்தை எவரும் கேட்கவில்லை. மே 12 ஆந் திகதி 2 மணி 31 நிமிடம் 4 செக்கனில் முதலாவதாக வந்தார். தமது சாதனையிலும் எட்டு நிமிடத்துக்கு மேற் பிந்திய நேரம்! (17 நாட் கணக்கை நம் பிள்ளைகள் பின்பற்றலாகாது, அது அபூர்வ உடற்கட்டின் செயல்.)

ஆகஸ்ட் 5 இல், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே, பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதன் நடைபெற்றது. மூன்று மைல் அளவிலேயே தனித்து முந்திய பெனோயிற், 2 மணி 24 நிமிடம் 52 செக்கனிற் பொற்பதக்கம் பெற்றார். நோர்வேயின் கிரேற்ற வைற்ஸ் இரண்டாவதானார். அந்த வெற்றி நேரமும் பொஸ்டனில் ஓடியதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேற் பிந்தியதே.