ஏலத்துக்கு வரும் காலிக் கட்டடம்

கடனில் மூழ்கிய தொழிலின் கட்டடம் ஏலத்துக்கு வர இந்தியாவில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்து வாங்குபவரின் உரிமையும் ஆபத்தும் மாறும். ஏல அறிவிப்பைப் பார்ப்பவர்களின் கண் முதலில் போவது விலைக்குத்தான். விற்பது யார், எந்தச் சட்டத்தின் கீழ் விற்கிறார் என்று பார்ப்பவர்கள் குறைவு.

கடனாளி பிரைவேட் லிமிடெட், லிமிடெட் என்று பதிவான நிறுவனமாக இருந்தால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் பொருந்தும். பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருந்தால் கடன் கொடுத்தவர் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு அதன் சென்னை அமர்வு. தொழிலை அப்படியே எடுத்து நடத்த ஆள் கிடைக்காவிட்டால் நிறுவனம் கலைப்புக்குப் போகும். கலைப்பு அதிகாரி நிலம், கட்டடம், எந்திரம் எல்லாவற்றையும் மின்னேலத்தில் விற்று, சட்டம் சொல்லும் வரிசையில் பணத்தைப் பங்கிடுவார். நிறுவனத்தை மூழ்கடித்தவர்களே பின்வாசல் வழியாகச் சொத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இருக்க அச்சட்டத்தின் 29ஏ பிரிவு தடை போடுகிறது.

இரண்டாவது வழி, பேச்சுவழக்கில் சர்ஃபேசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம். இது திவால் சட்டம் ஆகாது. ஆனால் சிறிய ஊர்களில் பூட்டிய கடைகள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் கை மாறுகின்றன. 90 நாள் தவணை தவறினால் கடன் வாராக்கடன் ஆகும். வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் பணம் வராவிட்டால், வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தைச் சுவாதீனம் எடுத்து ஏலம் விடலாம்.

மூன்றாவது, தனிநபரும் கூட்டு வியாபாரமும் நொடித்துப் போகும் வழி. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார், ஐ.பி. போட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வராததால், சென்னைக்கு வெளியே 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே இதற்கு ஆதாரம். சொத்து நீதிமன்றம் அமர்த்தும் ரிசீவர் கைக்குப் போகும். அவர் விற்றுப் பணத்தைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரிப்பார்.

எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டால், அங்கே இந்த வேறுபாடு முக்கியம். பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி சாலையில் குடும்ப வியாபாரங்கள் அதிகம். கட்டடம் அப்பா பெயரிலும், கடை மகன் பெயரிலும், கடன் இருவர் பெயரிலும் இருக்கும். ஆகவே இந்த ஊரில் ஒரு ஷோரூம் ஏலத்துக்கு வந்தால், அது தீர்ப்பாயத்தின் கலைப்பு ஏலமாக இருப்பதைவிட வங்கியின் சர்ஃபேசி ஏலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கலைப்பு ஏலங்களை அதே மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் தேடலாம்.

ஏலம் வரை காத்திருக்காமல், நொடிந்துகொண்டிருக்கும் முதலாளியிடமே நேரில் பேசி மலிவாகக் கிரயம் முடிப்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. உரிய விலையும் நல்லெண்ணமும் இல்லாமல் நடந்த கிரயத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் தாக்கலான மனுவின் பேரில் விற்றவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டால், அந்தக் கிரயத்தை ரிசீவர் செல்லாததாக்க 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிறுவனச் சொத்துக்கும் இதுபோன்ற பிரிவுகள் உண்டு. ஏலத்தில் வாங்குபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏலத்தின் உண்மையான லாபம் விலைக் குறைவைவிட இதுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

விலை ஏன் குறைகிறது என்பதற்கு மும்பையின் கிங்ஃபிஷர் ஹவுஸ் நல்ல பாடம். விமான நிலையத்தின் பக்கத்தில் வில்லே பார்லே பகுதியில் நின்ற கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் தலைமை அலுவலகம் அது. 2016 மார்ச்சில் வங்கிகள் 150 கோடி ரூபாய் ரிசர்வ் விலை வைத்து ஏலம் விட்டபோது கேட்க ஆளே இல்லை. விலையை 135 கோடி, 115 கோடி என்று இறக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் 2021-இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 52.25 கோடிக்கு எடுத்தது. மும்பை போன்ற நகரத்தில், அப்படிப்பட்ட இடத்தில், ஐந்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான விலை. விமான நிலையத்தை ஒட்டிய இடம் என்பதால் அங்கே கூடுதலாகக் கட்டி எழுப்ப வழி அதிகம் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இடம் எங்கே இருக்கிறது என்பதோடு, அந்த இடத்தில் என்ன செய்யச் சட்டம் விடும் என்பதையும் சேர்த்துத்தான் சந்தை விலை போட்டது.

காஞ்சிபுரத்தில் விமான நிலையத்தின் வேலையைக் கோயில்கள் செய்கின்றன. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானாலும் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஆகவே இந்த எல்லைக்குள் ஒரு பழைய கடையை ஏலத்தில் எடுத்து, இடித்துவிட்டு நான்கு மாடி விடுதி கட்டலாம் என்று கணக்குப் போடுபவரின் கணக்கு முதல் வரியிலேயே தப்பிவிடும். ஏல அறிவிப்பில் இந்தத் தூரம் குறிக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்குபவர்தான் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி, அடிமனை யாருடையது என்பது. கோயில் நகரங்களில் நிலம் கோயிலுக்கும், மேலே நிற்கும் கட்டடம் அடிமனை வாடகை கட்டுபவருக்கும் சொந்தமாக இருப்பது வழக்கமான ஏற்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் கடனாளியிடம் இருந்தது சுவரும் கூரையும் வாடகைதாரர் என்ற நிலையும்தான். வங்கியால் அதற்கு மேல் விற்க முடியாது. கோயில் நிலத்தை விற்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி மேலிட அனுமதி வேண்டும். எத்தனை தலைமுறை அனுபவித்தாலும் அனுபவ பாத்தியதை அங்கே எடுபடாது. கோயில் சொத்தைக் கைமாற்றும் ஆவணத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுக்கவும் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு வழி செய்கிறது. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. அதைப் பார்க்காமல் பணம் கட்டினால் பிறகு பல ஆண்டு வழக்காகலாம்.

தொழிற்பேட்டையிலும் இதே கதை வேறு உருவில் வரும். சிப்காட் நிலம் நீண்ட காலக் குத்தகை நிலம். அங்கே ஆலையை ஏலத்தில் எடுப்பவருக்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் குத்தகைக் காலம். அதையும் சிப்காட் ஒப்புக்கொண்டு மாற்றித் தர வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் கட்டடம் எவ்வளவு காலம் பூட்டியே கிடக்கக்கூடும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. நோக்கியா திவாலாகவில்லை. வரித் தகராறில் வருமான வரித் துறை 2013-இல் சொத்தை முடக்கியதால், கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலையைச் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை. 2006-இல் திறந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வரிப் பிரச்சினை 2018-இல்தான் தீர்ந்தது. சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அந்த ஆலையை வாங்குவது 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. வளாகமோ சாலை வசதியோ கெட்டுப்போகவில்லை. சொத்தின் மேல் விழுந்த அந்த முடக்கம்தான் ஐந்து ஆண்டுகளைத் தின்றது.

சர்ஃபேசி ஏலத்தின் நடைமுறை இறுக்கமானது. முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு. இரண்டு நாளிதழ்களில் விளம்பரம், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். பொடி எழுத்தில் கால் பக்கத்தை அடைக்கும் அந்த விளம்பரத்தில் சொத்தின் நான்கு எல்லை, ரிசர்வ் விலை, முன்வைப்புத் தொகை, பார்வையிடும் நாள் எல்லாம் இருக்கும். எங்காவது ஒரு மூலையில், சொத்து இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்ன உள்ளதோ அப்படியே விற்கப்படுகிறது என்ற வரியும் இருக்கும். மொத்த விளம்பரத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான். குறை எது இருந்தாலும் அது வாங்குபவர் தலையில் என்று அதற்குப் பொருள். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை பேங்க்நெட் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 2 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வென்றால், அன்றோ மறு வேலை நாளுக்குள்ளோ, ஏற்கெனவே கட்டிய முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 50 லட்சம் கட்டியிருக்க வேண்டும். மீதி 1.5 கோடியை விற்பனை உறுதியான 15 நாளுக்குள் செலுத்த வேண்டும். வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம். தீர்ப்பாயக் கலைப்பு ஏலத்தில் 90 நாள் வரை இடமுண்டு, 30 நாளைத் தாண்டினால் 12 சதவீத வட்டியுடன். வீட்டுக்கடன் வாங்குவதுபோல ஆற அமர வங்கிக்கடன் ஏற்பாடு செய்ய இந்தக் கெடு போதாது.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஏலத்தில் 12.27 கோடிக்குக் கேட்டவர் 25 சதவீதமாக 3 கோடிக்கு மேல் கட்டியிருந்தார். மீதியைக் கட்ட முடியவில்லை. கட்டிய தொகையில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முழுத் தொகையையும் வங்கி பறிமுதல் செய்தது சரி என்றது. அதே சொத்து அதற்குள் மறு ஏலத்தில் கூடுதல் விலைக்குப் போயிருந்ததும் அவருக்கு உதவவில்லை.

மறுபக்கம், கெடுவுக்குள் கட்டியவருக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பும் உண்டு. ஏல அறிவிப்பு வெளியான பிறகு பழைய கடனாளி பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் வங்கி நடைமுறையில் தவறியது என்று கடனாளி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே தடை வாங்கிவிட்டால் வாங்கியவரின் பணம் வங்கியில் முடங்கும்.

கட்டடம் காலியாக இருப்பதாலேயே சாவி கைக்கு வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கதவில் நோட்டீஸ் ஒட்டுவது அடையாள சுவாதீனம். பூட்டை எடுத்து உள்ளே நுழைவது நேரடி சுவாதீனம். முதல் வகை மட்டும் இருந்தால், மாவட்ட ஆட்சியர் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ வங்கி நேரடி சுவாதீனம் எடுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஷட்டர் துருப்பிடிக்கும், மொட்டைமாடித் தண்ணீர் கசிந்து கான்கிரீட்டுக்குள் கம்பி உப்பும், இணைப்பைத் துண்டித்த ஈ.பி. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கும்.

அந்த மின் இணைப்பை மீண்டும் கேட்கும்போது பழைய பாக்கியும் எழுந்து வரும். 2023 மே மாதம் கே.சி. நினன் வழக்கில், முந்தைய உரிமையாளரின் மின் கட்டணப் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின் நிறுவனம் விதி வைத்திருந்தால் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சொத்து வரி, குடிநீர் வரி பாக்கிகளை மாநகராட்சியில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களைத்தான் காட்டும்; இந்தப் பாக்கிகளையும் நிலுவை வழக்குகளையும் அதில் தேடிப் பயனில்லை. ஏல விலை அரசின் வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிட வருமான வரிச் சட்டத்தில் இடமிருப்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

கடைசியில் வரும்படி. மேலே சொன்ன 2 கோடிக் கட்டடத்துக்குப் பழுதுபார்ப்பு, பாக்கி, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 40 லட்சம் போனதாக வைத்துக்கொண்டால் முதலீடு 2.4 கோடி. மாதம் 80,000 ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு 9.6 லட்சம், சரியாக 4 சதவீதம். வங்கி வைப்பு வட்டியைவிடக் குறைவு. நில விலை ஏறினால்தான் லாபம் என்றாகிவிடும். வாடகையை மதிப்பிடும்போது திருவிழாக் கூட்டத்தை வைத்து மனக்கணக்குப் போடுவதும் இந்த ஊரில் சகஜம். 2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் விடுதிகளில் இடமில்லை. அடுத்து அவர் எழுந்தருளப்போவது 2059-இல்.

ஏல அறிவிப்பில் சொத்தைப் பார்வையிட ஒரு நாள் குறித்திருப்பார்கள். அன்று சர்வேயரையும் கட்டடப் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடிமனை, சுவாதீனம், நிலுவை வழக்கு ஆகிய மூன்றுக்கும் வக்கீலிடமிருந்து எழுத்தில் கருத்து வரும்வரை முன்வைப்புத் தொகையைக் கட்டாதீர்கள்.