1,600 கடைகளும் காலியான அலமாரிகளும்

சுபிக்ஷா என்ற பெயர் வணிகப் பெருமக்களுக்கு மறந்திருக்காது. 1997இல் சென்னை திருவான்மியூரில் ஒரே கடையாகத் தொடங்கியது. ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்த ஆர். சுப்பிரமணியன் அதன் நிறுவனர். 2008இல் நாடெங்கும் 1,600 கடைகளுக்கு மேல். 2009 தொடக்கத்தில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பூட்டு.

அதைக் குறை சொல்லுமுன் அது சரியாகச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். குளிர்சாதனம் கிடையாது, பகட்டுக் கிடையாது. பெரிய கடைவீதியில் வாடகை கொட்டாமல், குடியிருப்புத் தெருக்களில் சிறிய கடைகள். கம்பெனிகளுக்கு உடனுக்குடன் பணம் கொடுத்து, அதற்குரிய ரொக்கக் கழிவை வாங்கி, அதில் ஒரு பங்கை விலைக் குறைப்பாக வாடிக்கையாளருக்குத் தந்தார்கள். இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் பெட்டியடிப் பையன்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். நூறு ரூபாய்ச் சரக்கை ரொக்கத்தில் எடுத்து 2 ரூபாய் கழிவு பெற்று, பத்து நாளில் விற்றுத் திரும்ப எடுத்தால், அதே நூறு ரூபாய் வருடத்தில் முப்பத்தாறு முறை சுழல்கிறது. சுழலும் வரைதான் இந்தக் கணக்கு.

தமிழ்நாட்டோடு இருந்தவரை சுழன்றது. பிறகு டெல்லி, மும்பை என்று வேகமாகப் பரவினார்கள். மளிகை, காய்கறி, மருந்தோடு செல்போனும் சேர்ந்தது. அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் 2008இல் 10 சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் கணக்கில் கம்பெனியின் மதிப்பு 2,300 கோடி! ஆனால் பங்கை விற்றது ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர். பணம் விற்றவருக்குப் போனதே தவிர, சுபிக்ஷாவின் கல்லாவுக்கு வரவில்லை. பெயர் வளர்ந்தது, முதல் வளரவில்லை. புதுக் கடைகளின் முன்பணம், அலமாரி, வாடகை, சம்பளம் எல்லாம் பெரும்பாலும் கடனில் நடந்தன. வங்கிக் கடன் 700 கோடியைத் தாண்டியது. ஐந்தொகை போட்டுப் பார்க்கத் தெரிந்த எவரும் இதில் தடுமாறியிருப்பார்கள்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் வங்கி விழுந்ததும் உலகெங்கும் பணப்புழக்கம் இறுகியது. கொள்முதலுக்கு ரொக்கம் இல்லை, ரொக்கம் இல்லாததால் கழிவில்லை, சரக்கும் வரவில்லை. பாதி அலமாரி காலியான மளிகைக் கடைக்குள் யார் இரண்டாம் முறை வருவார்கள்? ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. காவலாட்கள் விலகியதும் பல கடைகள் சூறையாடப்பட்டன. சரக்குக் கொடுத்தவர்களின் பேரேட்டில் பாக்கி அப்படியே நின்றது. வங்கிக்காவது ஈடு இருக்கும், வழக்கறிஞர் இருப்பார். அரிசியும் பருப்பும் அனுப்பியவரிடம் இருப்பது பில் மட்டுமே. பல வருடம் ரொக்கம் கொடுத்த வாடிக்கையாளர் திடீரென்று ‘பதினைந்து நாள் பொறுங்கள்’ என்று சொல்கிற அன்றே அடுத்த லோடை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. பெரிய பெயர் என்று பார்த்தால் லோடு போனது போனதுதான்.

நிறுவனர் நடத்திய விஸ்வப்ரியா என்ற வேறொரு நிதி நிறுவனத்தின் வைப்புத்தொகை மோசடி வழக்கில், சென்னைத் தனி நீதிமன்றம் 2023இல் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இப்போது கடைக்குப் பதில் செல்போன் செயலி. பெங்களூரின் டன்சோ, வீட்டுக்கே மளிகை கொண்டுபோய்க் கொடுத்த நிறுவனம். 2022இல் ரிலையன்ஸ் அதில் 20 கோடி டாலர் போட்டது. 2025 ஜனவரியில் அதன் செயலி நின்றுபோனது. அதற்கு முன்பே, பாக்கி வரவேண்டிய சிலர் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் படியேறியிருந்தார்கள்.