வீடு உங்க பேர்ல, விசாரணை ரெண்டு பேர் மேலயும்



வீட்டு மானியம் பற்றி எந்தக் குழுக் கூட்டத்தில் பேச்சு எடுத்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "மனு என் பேர்ல போடறோம். பட்டா என் பேர்ல இருக்கு. எனக்கு இதுவரைக்கும் சொந்தமா ஒரு கூரைகூட கிடையாது. அவருக்கு முன்னாடி வீடு இருந்துச்சா இல்லையான்னு எதுக்குக் கேக்கறாங்க?"

நியாயமான கேள்விதான். நம் சேமிப்பும் உள்கடனும் நம் பெயரில் நடக்கிறது, கணவருடைய கணக்கை யாரும் கேட்பதில்லை. வீடு விஷயத்தில் அப்படி இல்லை. அங்கே மனு போடுவது ஒரு பெண் என்றாலும், தகுதி பார்ப்பது குடும்பத்துக்கு.

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் (நகர்ப்புறம்) உள்ளது. 2015 ஜூன் 25-ல் தொடங்கியது. இப்போது நடப்பது 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கான இரண்டாம் கட்டம். ஆரணி நகராட்சியும் கண்ணமங்கலம் பேரூராட்சியும் இதில் வரும். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணம் ஆகாத மகன், மகள். இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எந்த ஊரிலும் பக்கா வீடு இருக்கக் கூடாது. காஞ்சிபுரத்தில் இருந்தாலும் கணக்கு, பெங்களூரில் இருந்தாலும் கணக்கு. வீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரில் கூட்டாகவோ இருக்க வேண்டும் என்றும் அதே திட்டம் சொல்கிறது. அதனால்தான் பலருக்குக் குழப்பம். பெயர் நமக்கு, விசாரணை இருவருக்கும்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 2000-ம் ஆண்டிலிருந்து முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மானியம் தருகிறார்கள். அங்கேயும் மனு போடுகிறவரோடு சேர்த்து அவருடைய துணையின் பழைய வீட்டையும் விசாரிக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 'வீடு இருக்கிறதா' என்பதும் 'வீடு இருந்ததா' என்பதும் வேறு வேறு கேள்விகள். கணவருக்குச் சொந்தப் பணத்தில் வாங்கிய வீடு ஒன்று இருந்து, கடன் தொல்லையில் அதை விற்றுவிட்டார் என்று வையுங்கள். இன்று அவர் பெயரில் வீடு இல்லை. விதி கேட்பது இன்றைய நிலையை. ஆகவே அந்தப் பழைய வீடு மட்டுமே உங்களுக்குத் தடையாகாது. ஆனால் விற்றதற்குக் கிரயப் பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் கையில் இருக்க வேண்டும். "வித்துட்டோம் சார்" என்று வாயால் சொன்னால் போதாது.

அரசு கொடுத்த வீடு என்றால் கதை மாறுகிறது. கடந்த 20 ஆண்டுகளுக்குள் மத்திய, மாநில, உள்ளாட்சித் திட்டம் எதிலாவது வீடு பெற்ற குடும்பத்துக்கு இந்த இரண்டாம் கட்டத்தில் இடமில்லை. 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-க்குப் பிறகு வந்த சூரிய சக்தி பசுமை வீடு, அதற்கு முந்தைய இந்திரா நினைவுக் குடியிருப்பு எல்லாம் இதில் அடங்கும். வீட்டை விற்றிருந்தாலும், தம்பிக்கு விட்டுக் கொடுத்திருந்தாலும், பெற்றது பெற்றதுதான்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்கள். அவர் முதல் மனைவியோடு 2011-ல் அரசு வீடு வாங்கியிருப்பார். இந்தப் பெண் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். வாடகை வீட்டில் குழித்தறி போட்டு, மழை வந்தால் குழிக்குள் ஈரம் ஏறி, பாவு கெடுமே என்று பயந்து நெய்துகொண்டிருப்பார். 2031 வரை அவருக்கும் கதவு மூடித்தான் இருக்கும். எங்களைக் கேட்டால் இது சரியில்லை என்றுதான் சொல்வோம். ஆனாலும் விதி அப்படி இருக்கும்போது, இல்லாத நம்பிக்கையைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு.

ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு வேறு திட்டங்கள். பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. இதில் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடியில், 3.5 லட்சம் ரூபாயில் வீடு. வேறு இடத்தில் சொந்தமாகக் கான்கிரீட் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது.

மாமனார் வீட்டைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்து, வீடு அவர் பெயரிலேயே இருந்தால் அது உங்கள் கணவர் வீடு ஆகாது. நகர்ப்புறத் திட்டத்தின் குடும்பக் கணக்கில் மாமனார், மாமியார் வரவில்லை. உயில் எழுதாமல் அவர் காலமாகிவிட்டால், இந்து வாரிசுச் சட்டப்படி அன்றைக்கே மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமபங்கு வந்துவிடுகிறது. பாகம் பிரிக்காவிட்டாலும் உங்கள் கணவருக்குப் பங்கு உண்டு. இதை மறைக்காமல் மனுவிலேயே எழுதி, வாரிசுச் சான்று நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

இங்கே நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எப்போதும் "அவருக்கு வீடு இருந்துச்சா" என்றே கேட்கிறோம். அப்பா உயில் இல்லாமல் இறந்திருந்தால் பிறந்த வீட்டில் நமக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு இருப்பதால் மானியம் போய்விடும் என்று பயமுறுத்தி, அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கலாம். அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள் அக்கா! மானியம் வருமா வராதா என்பது பிறகு. எழுதிக் கொடுத்த பங்கு திரும்பி வராது. கூட்டமைப்பிலோ இலவச சட்ட உதவி மையத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கணவர் விட்டுவிட்டுப் போன சகோதரிகளுக்கு இன்னொரு சிக்கல். விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் அவர் கணவர்தான், அவர் வேறு ஊரில் கட்டிய வீடும் கேள்விக்கு வரும். கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழை இ-சேவை மையம் மூலம் வருவாய்த் துறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் அவர் பெயர் இன்னும் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

"ஐயாயிரம் குடுங்க, அவர் பேர் வராம பாத்துக்கறேன்" என்று சொல்லும் புரோக்கர்களை நம்ப வேண்டாம். குடும்பத்தில் உள்ள எல்லாருடைய ஆதார் எண்ணையும் மனுவில் கேட்கிறார்கள். தானே கட்டிக்கொள்ளும் வீட்டுக்குப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறப் படம் எடுத்த பிறகுதான் தவணை. பாதியில் உண்மை தெரிந்து தவணை நின்றால், முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி எழுப்பிய சுவர் கூரை இல்லாமல் மழையில் நிற்கும். அட்வான்ஸ் மட்டும் கூலியில் பிடித்தம் ஆகிக்கொண்டே இருக்கும்.

மனு போடும் முன் கணவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் எந்த ஊரில் இருந்தார், அரசு வீடு வாங்கினாரா, எந்த வருஷம், இப்போது யார் பெயரில் இருக்கிறது? வில்லங்கச் சான்று ஆள் பெயரை வைத்து வராது. ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால்தான் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறை இணையதளத்திலோ எடுக்க முடியும். கேட்கக் கூச்சமாக இருந்தால் குழுவின் ஊக்குநரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

மானியம் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் சொந்தப் பணத்தில் மனையோ வீடோ வாங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. பத்திரம் எழுதும் நாளிலேயே எழுத்தரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.