பாட்டி வந்தார், ரகசியம் உடைந்தது!

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்தப் பழைய வீட்டு வராந்தாவுக்குள் நுழைய இரண்டு நிபந்தனைகள். செருப்பை வெளியே விட வேண்டும். கதையின் முடிவை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. முதலாவதை மீறினால் மன்னிப்பு உண்டு.

சனிக்கிழமை சாயங்காலம். நடுவில் தாம்ஸ் பேக்கரி பப்ஸ், சுற்றிலும் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகள். எல்லார் மடியிலும் ஒரே புத்தகம்: ‘எ ஸ்பார்க் ஆஃப் ஒயிட் ஃபயர்’. ஒரு பிரதியின் ஓரம் முழுக்க வண்ணச் சீட்டுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. மஞ்சள் என்றால் சிரிப்பு, நீலம் என்றால் அழுகை, சிவப்பு என்றால் “இவனை அடிக்கணும்”. கடைசி ஐம்பது பக்கங்களில் மஞ்சளைக் காணோம். நான் எட்டிப் பார்த்ததும் புத்தகத்தின் சொந்தக்காரி பட்டென்று மூடிவிட்டாள். “ஆன்ட்டி, நீங்க இன்னும் அங்க வரலை!”

எழுதியவர் சங்கு மந்தண்ணா. பெங்களூரில் வளர்ந்தவர், இப்போது இங்கிலாந்துவாசி. நான்கு வயதில் காட்டுப் பாதையில் ஒரு யானை துரத்தியதாம். அதை வைத்துத்தான் முதல் கதையை எழுதினாராம். யானைக்கு நன்றி! 2018-இல் வந்த இந்த நாவலில் ராஜ்ஜியங்கள் விண்கலங்களின் மேல் மிதக்கின்றன. ஒரு ராணி, சாபத்துக்குப் பயந்து பெற்ற பெண் குழந்தையை அனுப்பிவிடுகிறாள். எங்கோ வளரும் அந்தப் பெண் எஸ்மே. அவளுடைய சகோதரன் நாட்டை இழந்து நிற்கிறான்; அரியணை உறவுக்காரர் கையில். டைட்டானியா என்ற தோற்கடிக்கவே முடியாத போர்க்கலம் ஒரு போட்டியில் பரிசாக வருகிறது. அந்தக் கலம் பேசும், யோசிக்கும். எஸ்மே போட்டியில் இறங்குகிறாள்.

உங்களுக்கு ஏதாவது பொறி தட்டுகிறதா? அந்த வராந்தாவில் பாதிப் பேருக்குத் தட்டவில்லை! அவர்களுக்கு இது புத்தம் புதிய விண்வெளிக் கதை. மீதிப் பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் காபி டம்ளரோடு வீட்டுப் பாட்டி வந்தார். “என்னம்மா கதை?” என்று கேட்டார். ஒருத்தி சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினாள். குழந்தையை அனுப்பிவிட்ட இடத்திலேயே பாட்டி நிறுத்திவிட்டார்.

“இது நம்ம கர்ணன்டீ. குரு சாபம் வந்துடுச்சா?”

“பாட்டீ! ஸ்பாய்லர்!” என்று எழுந்த கூச்சல் வீலர் சாலை வரை கேட்டிருக்கும்.

பாட்டி அசரவில்லை. அவருக்குக் கர்ணன் என்றால் 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ படத்துச் சிவாஜிதான். அந்தப் படத்தை எடுத்த பி.ஆர். பந்துலு நம்ம கோலார்ப் பக்கத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 2012-இல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது அதே படம் 100 நாளைத் தாண்டி ஓடியது. கடைசியில் தேர்ச்சக்கரம் புதையும் என்று தெரியாமலா அத்தனை பேர் டிக்கெட் எடுத்தார்கள்?

மறுகூறலின் மஜாவே அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரிந்த வாசகர் நீதிபதி ஆகிவிடுகிறார். எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய், மாற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று குறுக்கு விசாரணை தொடங்கிவிடுகிறது. இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. கம்பர் திருவரங்கத்தில் ராமாயணத்தை அரங்கேற்றியபோது என்ன நடந்ததாகச் சொல்கிறார்கள்? வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை இங்கே எப்படி நுழைக்கலாம் என்று சபையில் ஆட்சேபம். அந்தக் கோயிலின் நரசிம்மர், மேட்டழகிய சிங்கரே தலையசைத்துச் சிரித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் புலவர்கள் அடங்கினார்களாம். இவ்வளவுக்கும் கம்பர் முன்கூட்டியே அவையடக்கம் பாடி வைத்தவர்! புதுமைப்பித்தனுக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. 1943-இல் அகலிகையை மறுபடி கல்லாக்கிய ‘சாப விமோசனம்’ கதைக்கு, ராமாயணம் தெரிந்தவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதற்கு நான் என்ன செய்ய என்கிற தோரணையில் ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் பாவம், பணிந்துவிட்டார்கள். 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். குழந்தைகளுக்கு இது ஆகுமா என்று எதிர்ப்பு வந்தது. அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். வாசகர் முணுமுணுப்பால் உலகத்துச் சித்திகள் எல்லாருக்கும் இருநூறு வருஷக் கெட்ட பெயர்!

வராந்தாவுக்கு வருவோம். அங்கே பெரிய சண்டை எஸ்மேயின் காதலைப் பற்றி. எதிர் முகாமின் இளவரசன் மேக்ஸுக்கு ஒரு கட்சி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டது. “நாடே பத்தி எரியுது, இப்ப போய் லவ்வா?” என்றது இன்னொரு கட்சி. மூலையில் இருந்த ஒரு பையனுக்கு மனிதர்கள் யாருமே வேண்டாம், டைட்டானியா மட்டும் போதும். “இந்தப் புக்குலயே நல்ல கேரக்டர் அந்தக் கப்பல்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைசிப் பப்ஸையும் எடுத்துக்கொண்டான்.

எனக்கும் கப்பலைப் பிடித்தது. ஆனால் என் ஓட்டு எஸ்மேக்குத்தான். கர்ணனைப் பெண்ணாக்கியதும் கதையின் எடை இடம் மாறுகிறது. வீடு திரும்ப வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவளை ஒவ்வொரு தவறான வாசலுக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறது. போர்க் காட்சிகளைவிட அந்த ஆசை பேசுகிற பக்கங்களே எனக்குக் கனமாக இருந்தன.

“மகாபாரதத்தில் கை வைக்கலாமா?” என்று முகம் சுளித்த ஒரு பெரியவருக்குப் பாட்டியே பதில் சொன்னார். வருஷா வருஷம் சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயில் கரகம் புறப்படுகிறதே, அதில் திரௌபதி திமிராசுரனோடு சண்டை போட்டு வீரகுமாரர்களை உண்டாக்கிய கதை வருகிறது. வியாசர் அதை எழுதினாரா? பெரியவர் காபியைக் குடித்தார்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இது மூன்று பாகம். ‘எ ஹவுஸ் ஆஃப் ரேஜ் அண்ட் சாரோ’ 2019-இல் வந்தது, ‘எ வார் ஆஃப் ஸ்வாலோட் ஸ்டார்ஸ்’ 2021-இல் வந்தது. முதல் வாசகர்கள் இடையில் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், முடிக்கிற வரை பாட்டியிடம் மட்டும் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.