தானப் பொம்மைக்கும் பாதுகாப்பு வேண்டும்

கிறிஸ்துமஸுக்கும் போகிக்கும் இடையில்தான் சென்னை வீடுகளில் பரண் ஒழிகிறது. பிள்ளைகள் விளையாடி ஓய்ந்த பொம்மைகளைப் போகித் தீயில் போடாமல், பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பது நல்ல மனசு. விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. ஆனால் தானமாக வருகிறது என்பதால் ஒரு பொம்மையின் ஆபத்து குறைந்துவிடாது.

2004 சுனாமியின்போது லாரி லாரியாக வந்த பழந்துணிகளில் ஏராளமானவை உடுத்த உதவாமல் நம் கடலோரச் சாலைகளில் குவிந்து கிடந்தன. என்ன தேவை என்று கேட்காமல் கொடுத்ததன் விளைவு அது. பொம்மையிலும் அதே தவறு நடக்கக் கூடாது.

எங்கே ஆபத்து?

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த விதி தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் ஆகியோருக்குத்தான். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் பழைய பொம்மையை எந்த அதிகாரியும் சோதிப்பதில்லை. கொடுப்பவர்தான் சோதிக்க வேண்டும்.

பாட்டுப் பாடும் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் பேட்டரி மூடி, அதில் சின்னதாக ஒரு ஸ்குரூ. அந்த ஸ்குரூ தொலைந்து, செலோ டேப் ஒட்டியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி குழந்தையின் தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். காந்தத் துண்டுகள் இரண்டை விழுங்கினால் அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைக்கும். கழன்று வரும் கண்ணும் சக்கரமும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சை அடைக்கும். உரியும் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

கொடுப்பவர்கள் கவனத்துக்கு

- எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று அங்கன்வாடிப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ முதலில் கேளுங்கள்.
- துணிப் பொம்மையைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.
- பேட்டரி பொம்மைகளைக் கூடுமானவரை தவிருங்கள். கடலோர உப்புக் காற்றில் அவை சீக்கிரம் துருப்பிடிக்கும்.
- வயது வாரியாகப் பிரித்து, பையின் மேல் எழுதிக் கொடுங்கள்.
- உடைந்ததை அனுப்பாதீர்கள். அது ஏரிக்கரையில்தான் குப்பையாகச் சேரும்.

பெறுபவர்களின் உரிமை

பிடிக்காததை, பழுதானதை வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வந்தால் பெற்றோர் மறுக்கலாம். மறுத்ததற்காக, கொடுத்த பொம்மையைத் திரும்பக் கேட்பது முறையல்ல. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதற்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் தண்டனை உண்டு. உதவி என்ற பெயரில் யாராவது குழந்தைக்குத் தொல்லை கொடுத்தால் 1098-ஐ அழையுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால்

பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே மாதிரிப் பேட்டரி இருந்தால் மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தானம் கொடுப்பதற்காகக் கடையில் வாங்கிய புதுப் பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லையென்றால், 'பிஐஎஸ் கேர்' செயலியிலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சந்தேகமான பத்துப் பொம்மைகளை அனுப்புவதைவிடச் சோதித்துப் பார்த்த இரண்டு போதும். உங்கள் பிள்ளையின் கையில் கொடுக்கத் தயங்குவதை மீனவப் பிள்ளையின் கையிலும் கொடுக்காதீர்கள்.