பாலில் ஒரு கார மயோனைஸ்

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பற்றிய அச்சமே காரணம். சிக்கனுக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும் வீடுகளுக்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. போர்ச்சுகலில் முட்டையே இல்லாமல் பாலில் மயோனைஸ் செய்கிறார்கள். காரம் சேர்த்தால் அது நம் நாக்குக்கும் ஒத்துவரும்.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததே. எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, அவை மறுபடி கூடிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலுறை போட்டுவிட்டால், தண்ணீருக்குள் அவை தனித்தனியே நிற்கும். இதற்குப் பால்மம் என்று பெயர். முட்டை மயோனைஸில் அந்த உறையைத் தருபவை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தினும் புரதங்களும். இங்கே அந்த வேலையைப் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் செய்கிறது.

குறுகலான, உயரமான பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்து நன்றாகக் குளிரூட்டிய பால் கால் டம்ளர், சூரியகாந்தி எண்ணெய் அரை டம்ளர் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். ஹேண்ட் பிளெண்டரை அடிவரை இறக்கி, அசைக்காமல் ஓடவிடுங்கள். அடியிலிருந்து வெண்மை சுருள் சுருளாக மேலேறும். அதன் பிறகு மெல்ல மேலே தூக்குங்கள். மிக்ஸி என்றால் பாலை ஓடவிட்டு, மூடித் துளை வழியே எண்ணெயை நூல்போல ஊற்ற வேண்டும்.

கெட்டியாகவில்லையே என்று பலர் எண்ணெயை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் எண்ணெய் கூடக் கூடத்தான் இது இறுகும். ஒரே அளவு உருண்டைகளைக் கொட்டிக் குலுக்கினால் அவை ஏறக்குறைய 64 சதவீத இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்றால் 67 சதவீதம். நகர இடமில்லாமல் துளிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இரண்டு திரவங்கள் சேர்ந்து கரண்டியில் நிற்பது அதனால்தான். கடைசியில் விடும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு, கேசினை ஒன்றோடொன்று பிணைத்து இன்னும் இறுக்கும். ஒருவேளை திரிந்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். வேறு பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் குளிர்ந்த பாலை எடுத்து, திரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் பெரும்பாலும் கூடிவரும்.

இனி காரம். மிளகாயின் எரிப்புக்குக் காரணமான கேப்சைசினும் அதன் சிவப்பு நிறமும் எண்ணெயில் கரைபவை. அதனால் மிளகாய்த்தூளை முடிவில் தூவுவதைவிட, அதே அரை டம்ளர் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலாகச் சூடாக்கி, அதில் காஷ்மீரி மிளகாய்த்தூளைப் போட்டு ஊறவிடுவதே மேல். தூள் கருகக் கூடாது. நன்றாக ஆறியபின் வடிகட்டி, அந்தச் செந்நிற எண்ணெயில் மயோனைஸை அடியுங்கள். இளம் ஆரஞ்சு நிறத்தில், திப்பி இல்லாமல் வழுவழுவென்று வரும். வேகவைத்து மசித்த பூண்டையும் உப்பையும் பிறகு சேர்க்கலாம்.

ருசி பார்க்கும்போது அவசரம் வேண்டாம். கொழுப்பும் கேசினும் கேப்சைசினைப் பிடித்துவைப்பதால், காரம் நாக்கில் தாமதமாகவே தெரியும். உடனே உறைக்கவில்லையே என்று மேலும் மிளகாய் சேர்த்தால், நான்காவது வாய்க்குள் கண்ணில் நீர் வந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் தண்ணீர் பயன்படாது, மிச்சமிருக்கும் பாலைக் குடியுங்கள்.

முட்டை இல்லை என்பதற்காக இதை வெளியே விட்டுவைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் மூடிவைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.